பாம்புக்கு வைத்தியம் பார்க்கும் முன்

லைட்ஹவுஸ் குப்பத்தில் பாம்பைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் பழவேற்காடு ஏரி, நடுவே மணல்மேடு. வலையோடு கடல் பாம்பு வரும். கோழிக் கூட்டுக்குச் சாரை வரும். மழை பிடித்துக்கொண்டால் விறகுக் கட்டுக்கு அடியில் விரியன் வந்து படுக்கும். அடிபட்டதோ சோர்ந்ததோ ஒன்று கண்ணில் பட்டால், இரக்க மனசுள்ள ஒரு பையன் அதைத் தெர்மாகோல் பெட்டியில் போட்டு, "நாலு நாள் வெச்சிருந்து பார்ப்போம்" என்பான். இந்தப் பட்டியல் அவனுக்காக.

சட்டத்தை முதலில் சொல்லிவிடலாம். நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சாரை, தண்ணிப் பாம்பு எல்லாம் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. பிடித்து வளர்ப்பது குற்றம். சென்னையில் சிலர் வைத்திருக்கும் பால் பைத்தான் ஆப்பிரிக்கப் பாம்பு. அதற்கு 2024இல் வந்த விதிகளின்படி 'பரிவேஷ்' தளத்தில் பதிவு வேண்டும். ஆனால் சட்டை உரியாமை, உண்ணி, சளி, வாய்ப்புண் என்று உடம்புக்கு வரும் தொல்லைகள் கூண்டுப் பாம்புக்கும் குப்பத்துப் பாம்புக்கும் ஏறக்குறைய ஒன்றேதான்.

செய்ய வேண்டியவை

• எட்ட நின்று பாருங்கள். நோய் என்று நாம் நினைப்பதில் பாதி நோயே அல்ல. கண் இரண்டும் பால் படிந்தாற்போல் நீலம் பூத்து, தோல் மங்கிக் கிடந்தால் பாம்புக்குக் குருடு வந்துவிடவில்லை. சட்டை உரிக்கப் போகிறது. சில நாளில் கண் தெளியும், அதன்பின் சட்டை கழலும். அதுவரை இரை எடுக்காது, பார்வை மங்கியிருப்பதால் சட்டென்று சீறும். நடு உடம்பு வீங்கியிருந்தால் அது பெரும்பாலும் எலியோ தவளையோதான். இரை தின்ற பாம்பைத் துரத்தினால் கக்கிவிட்டு ஓடும். அதைப் பார்த்து "விஷத்தைக் கக்குது" என்று ஊர் கூடும்.

• உண்மையான நோவுக்கு அடையாளம் வேறு. வாயைத் திறந்தபடி மூச்சு விடுவது, வாயோரம் நுரையும் குமிழியும், தலையை மேலே தூக்கியே வைத்திருப்பது: இவை நுரையீரல் சளி. பாம்புக்கு நம்மைப் போல் உதரவிதானம் கிடையாது, இருமிச் சளியைத் தள்ளவும் முடியாது. அதனால் சிறியதாகத் தொடங்குவது சீக்கிரம் பெரிதாகும். ஈறு சிவந்து, தயிர்க்கட்டி போல் சீழ் தெரிந்தால் வாய்ப்புண். செதிலுக்கு நடுவே மிளகு அளவில் கருப்பாக ஒட்டியிருந்தால் உண்ணி. சாரையில் இது சர்வ சாதாரணம், ஒன்றிரண்டுக்காகக் கலங்க வேண்டாம்.

• கழித்துப் போட்ட தங்கூசி (நைலான் இழை) வலையைக் கோழிக்கு வேலியாகக் கட்டுகிறோமே, அதில் சிக்கும் பாம்புகளைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். முன்னால் நுழைந்த பாம்புக்குப் பின்னால் வரத் தெரியாது. செதில் பின்னோக்கிப் படிந்திருப்பதால், இழை அதன் அடியில் மாட்டிக்கொண்டு, துடிக்கத் துடிக்க இறுகும். இப்படிப் பார்த்தால் முதலில் கோழி, நாய், பிள்ளைகள் மூன்றையும் அப்புறப்படுத்துங்கள். வெயிலாக இருந்தால் ஒரு கம்பில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு நிழல் கொடுங்கள். வேலியிலிருந்து வலையைத் தள்ளி நின்று அறுக்க முடிந்தால் துண்டோடு அறுத்துவிடுங்கள். பாம்பின் மேலிருக்கும் இழையை வனத்துறையோ, பயிற்சி பெற்றவரோ வந்து எடுக்கட்டும். அடுத்த நாளே வலையின் அடிப்பகுதியை ஒரு சாண் மடக்கிக் கட்டி, அங்கே தகரமோ பலகையோ வையுங்கள்.

• கரையில் ஒதுங்கிய கடல் பாம்பு எப்படியும் நலமாக இல்லை. வயிற்றுச் செதில் சிறுத்துப்போனதால் அதற்கு மணலில் ஊரத் தெரியாது. அலைக்குள் தள்ளிவிட்டால் அடுத்த அலையோடு திரும்பி வரும். வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டு, யாரும் மிதிக்காதபடி ஒரு கூடையைக் கவிழ்த்து, அருகே ஆள் நிறுத்துங்கள். இன்னொன்று பலருக்கு வியப்பாக இருக்கும்: கடலிலேயே பிறந்து சாகும் இந்தப் பாம்புகளில் சில இனங்கள் உப்புத் தண்ணீரைக் குடிப்பதில்லை. மழை பெய்து கடலின் மேல் நல்ல தண்ணீர் மிதக்கும்போதுதான் தாகம் தீர்க்கின்றன என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

• ஏரி வலையில் தொளதொளத்த, சொரசொரப்பான தோலோடு வருவது விஷமில்லாத பாம்பு. தரையில் விட்டால் கிடந்த இடத்திலேயே கிடக்கும். இனம் உறுதியாகத் தெரிந்தவர் இருந்தால் வலையோடு தண்ணீருக்குள் தாழ்த்தினாலே போதும், தானே போய்விடும்.

• பதிவு செய்த பால் பைத்தான் வைத்திருப்பவர் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போகலாம். சட்டை துண்டு துண்டாக உரிந்தால் கூண்டில் ஈரம் போதவில்லை என்று பொருள்.

செய்யக்கூடாதவை

• சட்டையைக் கையால் உரிக்காதீர்கள். கண்ணின் மேலும் ஒரு மூடி உண்டு. அவசரப்பட்டால் அதோடு கண்ணும் போகும்.

• காயத்தில் மஞ்சள், மண்ணெண்ணெய், ஃபினாயில் எதுவும் வேண்டாம். ஃபினாயில் பாம்புக்கு நஞ்சு.

• பால் ஊற்றாதீர்கள். தண்ணீர் இல்லாமல் வாடிய பாம்பு தாகத்தில் எதையும் குடிக்கும், அதை வைத்து அது பால் குடிக்கும் என்று சொல்லிவிட முடியாது.

• "நாலு நாள்" வைத்திருக்காதீர்கள். நெம்மேலிக்கு அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தை இங்கே நினைத்துப் பாருங்கள். அரசு உரிமத்தோடு பிடிக்கிறார்கள், மண்பானையில் வைக்கிறார்கள், வாரம் ஒருமுறை விஷம் எடுக்கிறார்கள், மூன்று நான்கு வாரத்தில் காட்டில் விட்டுவிடுகிறார்கள். மறுபடி அதையே பிடித்துவிடக் கூடாதென்று வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வெட்டுகிறார்கள். பரம்பரையாகப் பாம்போடு பழகி, அந்த அறிவுக்காக இருவர் 2023இல் பத்மஸ்ரீ வாங்கிய சமூகமே நாள் கணக்கு வைத்துத்தான் பாம்பை வைத்திருக்கிறது. தெர்மாகோல் பெட்டிக்கு அந்தத் தகுதி இல்லை.

• காப்பாற்றிய சாரையை ஏரிக்கு அக்கரையில் கொண்டுபோய் விடுவது தர்மம் அல்ல. தெரியாத இடத்தில் அதற்கு இரையும் தெரியாது, பொந்தும் தெரியாது.

• இருட்டில் மீன் பிரிக்கும்போது விலாங்கு என்று நினைத்துக் கையை விடாதீர்கள். டார்ச் அடித்து வாலைப் பாருங்கள். துடுப்புப் போலத் தட்டையாக இருந்தால் கடல் பாம்பு. செத்தது போல் கிடந்தாலும் தொட வேண்டாம்.

• கடித்துவிட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். கடல் பாம்புக் கடியில் வலியோ வீக்கமோ அவ்வளவாக இருக்காது. அதை நம்பி வீட்டில் படுத்துவிடக் கூடாது. சில மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் வலித்து, தாடை இறுகி, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகலாம். நம்மிடம் இருக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்காகச் செய்தது. கடல் பாம்பு அதில் இல்லை. சிறுநீரகத்தையும் மூச்சையும் காக்கும் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் போவதுதான் வழி. அங்கே போனதும் "ஏதோ தண்ணிப் பாம்பு" என்று சொல்லாமல், வால் தட்டையா உருண்டையா, கடித்து எவ்வளவு நேரம் ஆயிற்று, சிறுநீர் எந்த நிறம் என்ற மூன்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.