காலநிலைப் பேரணிக்கு முதல்முறை போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

2018 ஆகஸ்டில் சுவீடன் நாடாளுமன்றத்தின் எதிரே, காலநிலைக்காகப் பள்ளிக்குப் போகாமல் மாணவி கிரெட்டா துன்பெர்க் தனியாக உட்கார்ந்தபோது அவருக்கு வயது 15. அடுத்த ஆண்டு செப்டம்பர் 20 முதல் 27 வரை உலகெங்கும் தெருவுக்கு வந்தவர்கள் 60 லட்சத்துக்கும் மேல் என்று அமைப்பாளர்கள் கணக்குச் சொன்னார்கள். இந்திய நகரங்கள் பலவற்றிலும் பள்ளிப் பிள்ளைகள் அட்டை பிடித்து நின்றார்கள். சென்னையில் அப்படியொரு பெரிய பேரணிக்கு முதன்முதலாகப் போக நினைக்கிறீர்களா? உங்களுக்காகத்தான் இது.

எதைக் கேட்கப் போகிறோம்?

முதல் வேலை இதுதான். 'பூமியைக் காப்போம்' என்ற முழக்கத்துக்கு எந்த அமைச்சரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவரும் சேர்ந்து கைதட்டிவிட்டுப் போய்விடுவார். 'எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்திருக்கும் அனல்மின் நிலையச் சாம்பலை அள்ளுங்கள்' என்றால் யாராவது பதில் சொல்லியே ஆகவேண்டும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் இப்படித்தான் கேட்க வேண்டும்; அது 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. தென்சென்னையின் மழைநீர் வடிந்து தேங்குகிற இடம் அது. கடல் சூடாக ஆக மழை கொட்டித் தீர்க்கிறது. அதைத் தாங்கும் நிலத்தை நாம் சுருக்கிக்கொண்டே வந்திருக்கிறோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கழுத்தளவு நீரில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

யாருடைய கோரிக்கை என்பதும் முக்கியம். 2014 செப்டம்பர் 21 அன்று நியூயார்க்கில் நடந்த மக்கள் காலநிலைப் பேரணியில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நடந்ததாக அமைப்பாளர்கள் கணக்கிட்டார்கள். அதில் முன்வரிசை பிரபலங்களுக்கானதாக இல்லை. பூர்வகுடிகளும் பாதிப்பை நேரடியாகச் சுமக்கும் மக்களும்தான் முன்னால் போனார்கள். இங்கேயும் மீனவர்களும் உப்பளத் தொழிலாளர்களும் விவசாயிகளும் முன்னே நடக்கட்டும். நாம் பின்னால் நடப்போம். அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று பேரணிக்கு முன்பே ஒருமுறை போய்க் கேட்டுவிட்டு வருவது இன்னும் நல்லது.

அனுமதி இருக்கிறதா?

ஆயுதமின்றி, அமைதியாகக் கூடும் உரிமையை அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு நமக்குத் தந்திருக்கிறது. ஆனால் சென்னையில் 1888-ஆம் ஆண்டின் மாநகரக் காவல் சட்டப்படி முன்கூட்டியே விண்ணப்பித்துக் காவல்துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். அது அமைப்பாளர்களின் பொறுப்பு. நீங்கள் கேட்க வேண்டியவை: அனுமதி கிடைத்ததா, எந்த வழி, எத்தனை மணிக்கு முடிகிறது. எழும்பூர் ராஜரத்தினம் மைதானம், சேப்பாக்கம், வள்ளுவர் கோட்டம் ஆகியவை வழக்கமான இடங்கள். அரசு ஊழியர் என்றால் உங்கள் நடத்தை விதிகளை ஒருமுறை படித்துவிடுங்கள்.

அனுமதி மறுக்கப்பட்டாலும் குரல் அடங்கிவிடாது. 2015 நவம்பரில் பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு பாரிஸில் காலநிலைப் பேரணிக்குத் தடை வந்தது. அங்குள்ள குடியரசுச் சதுக்கத்தில் மக்கள் ஆயிரக்கணக்கான காலணிகளை வரிசையாக வைத்தார்கள். போப் பிரான்சிஸும் ஒரு ஜோடி அனுப்பியிருந்தார்.

முந்தின நாள்

பருத்திச் சட்டை, தொப்பி, நன்றாகப் பழகிய செருப்பு அல்லது ஷூ. புதுச் செருப்பு வேண்டவே வேண்டாம். எவர்சில்வர் பாட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு, அன்றாடம் சாப்பிடும் மாத்திரை, அடையாள அட்டை, கொஞ்சம் சில்லறை. வேண்டியவர் ஒருவரின் எண்ணைக் கையில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். போன் தொலைந்தாலும் அது இருக்கும். குழந்தையை அழைத்துப் போனால் அதன் கையிலும் உங்கள் எண்ணை எழுதுங்கள். பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று இரண்டு இடங்களைப் பேசி வையுங்கள். பெரிய கூட்டத்தில் சிக்னல் கிடைக்காது.

அட்டையும் முழக்கமும்

பிளெக்ஸ் வேண்டாம். பழைய அட்டைப்பெட்டியும் வேட்டித் துணியும் போதும். நான்கைந்து சொல்லுக்கு மேல் எழுதாதீர்கள். சாலையின் மறுபக்கம் நிற்பவர் படிக்க முடிய வேண்டும். கம்பு, இரும்புக் குழாய் எல்லாம் தவிருங்கள். முழக்கம் தமிழில் இருக்கட்டும். பேருந்து நிறுத்தத்தில் நிற்கிற அம்மாவுக்குப் புரியாத முழக்கத்தால் பயனில்லை. பறையடிக்கும் தோழர்கள் இருந்தால் அவர்கள் பக்கத்தில் நில்லுங்கள், கால் தானாக நடக்கும்.

நடக்கும்போது

தனியாகப் போகாதீர்கள்; நான்கைந்து பேராகச் சேர்ந்து போங்கள். நியூயார்க்கில் பின்வரிசையில் நின்றவர்களால் நெடுநேரம் நகரவே முடியவில்லை. பெரிய பேரணியில் காத்திருப்பும் ஒரு பகுதிதான். கூட்டத்தின் நடுவில் மூச்சுமுட்டினால் நேர் எதிராகத் தள்ளாதீர்கள்; கைகளை மார்புக்கு முன் மடக்கிக்கொண்டு, ஓட்டத்தோடு சாய்வாக ஓரத்துக்கு வாருங்கள். ஆம்புலன்ஸ் வந்தால் முதலில் வழிவிடுங்கள். யாராவது கல்லெடுத்தால், பேருந்தைத் தட்டினால், அவரைவிட்டு விலகிப் பேரணித் தொண்டர்களிடம் சொல்லுங்கள். அடுத்தவர் முகம் தெரியும் படத்தை, குறிப்பாக மாணவர்களுடையதை, அவர்களைக் கேட்காமல் பகிராதீர்கள்.

போலீஸ் நிறுத்தினால்

ஓடாதீர்கள், தள்ளாதீர்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலும் நடப்பது இது: வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்து, பெயர் முகவரி எழுதி, மாலையில் விட்டுவிடுவார்கள். முறையாகக் கைதானால் காரணத்தைக் கேட்கவும் வழக்கறிஞரோடு பேசவும் உங்களுக்கு உரிமை உண்டு. 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். விதிவிலக்கான சூழல் தவிர, சூரியன் மறைந்த பிறகு விடியும்வரை பெண்களைக் கைது செய்யக்கூடாது. இலவசச் சட்ட உதவிக்கு 15100. படிக்காத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

மறுநாள்

பேரணியில் கேட்டதை எழுத்தில் கேட்க வேண்டிய நாள் இது. பெரிய தொழில் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தருவதற்கு முன் பெரும்பாலும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும். குறைந்தது 30 நாட்களுக்கு முன் நாளிதழில் அறிவிப்பு வரும். நேரில் போக முடியாவிட்டாலும் ஆட்சேபத்தை எழுதி அனுப்பலாம், அது பதிவாகும். கிராமத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் வலுவான வழி உண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராமசபை. உங்கள் ஊர் ஏரிக்கோ கழிமுகத்துக்கோ என்ன வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதி, பேரணியில் உங்களோடு நடந்த நான்கு பேரையும் கூட்டிக்கொண்டு அடுத்த கிராமசபைக்குப் போங்கள். அது தீர்மானமாகப் பதிவாகும்வரை எழுந்து வராதீர்கள்.