நகக்கண்ணைக் காப்போம்!

நம் தோல் மேல் இருக்கும் மெல்லிய எண்ணெய்ப் பசைதான் ஈரத்தைக் காக்கிறது. சோப்பு அதைக் கரைத்துவிடும். போர் தண்ணி கடின நீராக இருந்தால் நுரை வராது. நாம் இன்னும் சோப்பு போடுவோம். கை வறண்டு வெடிக்கும்.

நகத்தின் அடியில் உள்ள தோல் ஒரு மூடி மாதிரி. கிருமியை உள்ளே விடாது. அதைக் கடித்தாலோ பிய்த்தாலோ நகச்சுத்து வரும்.

செய்ய வேண்டியவை:

1. பாத்திரம் தேய்த்ததும் கையை நல்லா அலசித் துடைக்கவும்.
2. லேசான ஈரம் இருக்கும்போதே 2 சொட்டு தேங்காய் எண்ணெயை நகக்கண்ணிலும் சேர்த்துத் தடவவும்.
3. தொங்கும் தோலை இழுக்காமல் நகவெட்டியால் நறுக்கவும்.
4. சீழ் பிடித்தால் எலுமிச்சம்பழம் செருகிக் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டவும்.

கைநகம் மாதம் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். கெட்டுப்போனால் முழுசாக மாற 6 மாதம் ஆகும்.

வீட்டில் அதிகம் பாத்திரம் தேய்ப்பது அம்மாதானே? முதல் சொட்டு அவங்க கைக்கு!