பாஸ் லினக்ஸ் லேப்டாப்பில் யு.எஸ்.பி. கீபோர்டு

காஞ்சிபுரம் பக்கம் கூரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி, அரசு தந்த விலையில்லா லேப்டாப்பை என்னிடம் கொண்டு வந்தார். 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் உண்டு. இதில் பாதி கீகள் வேலை செய்யவில்லை. பாஸ்வேர்டு கொடுக்கவே வழியில்லை. புராஜெக்ட் முழுவதும் உள்ளே!

யு.எஸ்.பி. கீபோர்டையும் மவுஸையும் செருகினேன். லாகின் திரையிலேயே இரண்டும் இயங்கின. எச்.ஐ.டி. என்னும் பொது விதிப்படி இவை செயல்படுவதால், லினக்ஸ் கெர்னலில் உள்ள டிரைவரே போதும். சிடி தேடாதீர்கள்.

உங்களுக்கு இயங்கவில்லையா? மவுஸ் மட்டும் நகர்ந்தால், டெர்மினலை அதன் மூலம் திறந்து, திரைக் கீபோர்டில் 'எல்எஸ்யுஎஸ்பி' என்று சிறிய ஆங்கில எழுத்துகளில், இடைவெளியின்றி டைப் செய்யுங்கள். பட்டியலில் கீபோர்டு இல்லையென்றால் கோளாறு வயரிலோ போர்ட்டிலோ கீபோர்டிலேயோ இருக்கலாம். அடுத்த போர்ட்டில் செருகிப் பாருங்கள்.

மாணவியின் லேப்டாப்பில் இன்னொரு தொல்லை. பழைய கீபோர்டின் ஒரு கீ, தொடாமலே எழுத்துகளைக் கொட்டியது. 'எக்ஸ்இன்புட் லிஸ்ட்' கட்டளையில் 'ஏ.டி. டிரான்ஸ்லேட்டட் செட் 2 கீபோர்டு' என்ற வரியின் ஐடி எண்ணைப் பார்த்து, 'எக்ஸ்இன்புட் ஃப்ளோட்' என்பதுடன் அந்த எண்ணையும் கொடுத்தேன். கொட்டல் நின்றது. லேப்டாப்பை மறுபடி ஆன் செய்தால் பழைய கீபோர்டு திரும்பவும் விழித்துக்கொள்ளும். அப்போது இதே கட்டளையை மீண்டும் தர வேண்டும்.