பன்னாட்டு வணிகமும் பெண்ணுரிமையும்

முன்னுரை

கடல் கடந்து வாணிகம் செய்தல் தமிழருக்குப் புதிதன்று. மிளகும் முத்தும் மெல்லிய பருத்தித் துணியும் கப்பலேறிச் சென்றதை வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறோம். வாங்கிய மன்னர்களையும் விற்ற வணிகர்களையும் பாடம் நமக்குக் காட்டுகிறது. ஆனால் அந்தத் துணிக்கு நூல் நூற்ற பெண்ணைக் காட்டுவதில்லை.

இவ்வாண்டு சமூக அறிவியல் வகுப்பில் சிஸ்டர் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். வீட்டிலுள்ள ஆடைகளின் கழுத்துப் பட்டியில் தைத்துள்ள சிறு துணியைப் பார்த்து, அவை எந்த நாட்டில் தைக்கப்பட்டவை என்று எழுதி வரச் சொன்னார்கள். எங்களுள் ஒருத்தியின் மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்த சட்டையில் ‘வங்காளதேசம்’ என்றிருந்தது. “இதைத் தைத்தவள் உங்களைவிட நான்கைந்து வயதே மூத்தவளாக இருக்கலாம். அவளைப் பற்றித் தெரிந்துகொண்டு வாருங்கள்” என்றார்கள் சிஸ்டர். அந்தத் தேடலின் பயனே இக்கட்டுரை.

வணிக விதியும் பெண்களும்

பிற நாட்டுப் பொருள் தன் துறைமுகத்தில் இறங்கும்போது ஒரு நாடு வசூலிப்பது சுங்கவரி. இவ்வளவுக்கு மேல் இறங்கக் கூடாது என்று விதிக்கும் வரம்பு கோட்டா. இவை ஆண், பெண் என்று எதுவும் பேசுவதில்லை. 1995ஆம் ஆண்டு உலக வர்த்தக அமைப்பு தோன்றியபோது, அதை நிறுவிய உடன்படிக்கையின் முகவுரை மக்களின் வாழ்க்கைத் தரத்தைப் பேசியது, வேலைவாய்ப்பைப் பேசியது, பெண்களைத் தனியே பேசவில்லை.

அப்படியானால் வணிக விதிக்கும் பெண்ணுரிமைக்கும் தொடர்பு இல்லையா? உண்டு. ஒரு பொருளுக்கு வரி குறைந்தால் அதைச் செய்யும் தொழில் வளரும். அத்தொழிலில் பெண்கள் மிகுதியாக இருந்தால் அவர்களுக்கு வேலை பெருகும். வரி ஏறினால் முதலில் வேலை இழப்பவர்களும் அவர்களே. இதற்கு வங்காளதேசமே சிறந்த சான்று.

வங்காளதேசத்தின் கதை

1974இல் செல்வ நாடுகள், வளரும் நாடுகளிலிருந்து வரும் ஆடைகளுக்குக் கோட்டா விதிக்கும் ஓர் ஒப்பந்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. தென்கொரியா அதற்கு முன்பே ஏராளமாக ஆடை தைத்து விற்று வந்ததால் அந்நாட்டுக்குக் கடும் வரம்பு வந்தது. வங்காளதேசமோ அப்போது ஆடை ஏற்றுமதி செய்யாத நாடு. ஆகவே அதற்கு வரம்பும் இல்லை. இதைக் கண்ட தேவூ என்னும் கொரிய நிறுவனம், வங்காளதேசத்தின் ‘தேஷ்’ நிறுவனத்தோடு 1978இல் உடன்பாடு செய்துகொண்டது. சுமார் 130 பேர் கொரியா சென்று தையல் தொழிலில் பயிற்சி பெற்றுத் திரும்பினர். அவர்களுள் பெண்களும் இருந்தனர். பின்னர் அவர்களுள் பலர் பிற ஆலைகளுக்குச் சென்றும் தாமே ஆலை தொடங்கியும் தொழிலைப் பரப்பினர்.

2001இல் ஐரோப்பிய ஒன்றியம், மிக ஏழை நாடுகளின் பொருள்கள் ஆயுதம் தவிர அனைத்தும் வரியின்றி வரலாம் என்று வாயிலைத் திறந்தது. இன்று வங்காளதேசத்தின் ஏற்றுமதி வருவாயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆடைகளால் கிடைப்பது. சுமார் 40 இலட்சம் பேர் இத்தொழிலில் உள்ளனர். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்கள். வீட்டு வாசலைத் தாண்டி வேலைக்குச் செல்வதே அரிதாயிருந்த கிராமத்துப் பெண்கள், மாதம் பிறந்தால் தம் கையால் சம்பளம் வாங்கினர்.

இதில் எங்களை மிகவும் கவர்ந்தது வேறொரு செய்தி. ரேச்சல் ஹீத், முஷ்ஃபிக் மொபாரக் என்னும் பொருளியல் அறிஞர்கள் 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆடை ஆலைகளுக்கு அருகிலுள்ள ஊர்களில் சிறுமிகள் கூடுதலான ஆண்டுகள் பள்ளியில் படித்தனர் என்றும், பெண்களின் திருமண வயதும் தாய்மை வயதும் தள்ளிப் போயின என்றும் அவர்கள் கண்டனர். எழுத்தும் கணக்கும் தெரிந்தவளுக்கு ஆலையில் நல்ல வேலை கிடைக்கும் என்று தெரிந்தபோது, பெற்றோர் மகளைப் பள்ளிக்கு அனுப்பினர். பெண்களை நினைத்து எழுதப்படாத ஒரு விதி, சிறுமியின் கையில் சிலேட்டைக் கொடுத்தது!

சவாரில் நிகழ்ந்த துயரம்

ஆனால் வேலை கிடைத்ததும் சமத்துவம் கிடைத்துவிட்டதா? டாக்காவுக்கு அருகில் சவார் என்னுமிடத்தில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இருந்தது. 2013 ஏப்ரல் 23ஆம் நாள் அதன் சுவர்களில் விரிசல் கண்டது. கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேல் தளங்களிலிருந்த தையல் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். ஏப்ரல் 24 காலையில் கட்டடம் இடிந்து விழுந்தது. 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள்.

“போக மாட்டோம்” என்று அவர்கள் ஏன் சொல்லவில்லை என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள். சிஸ்டர் சற்று நேரம் பேசாமலிருந்தார்கள். பிறகு, “சம்பளம் போய்விடும் என்ற பயம், சேர்ந்து பேசச் சங்கம் இல்லாமை” என்றார்கள். வகுப்பே அமைதியாயிற்று.

அதன் பிறகே விதிகள் மாறத் தொடங்கின. 2013 மே மாதம், பல வெளிநாட்டு ஆடை நிறுவனங்களும் பன்னாட்டுத் தொழிற்சங்கங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டன. ஆலைகளைச் சோதிக்கவும் குறைகளைத் திருத்தவும் அது வழி செய்தது. ஜூன் மாதம் அமெரிக்கா வங்காளதேசத்துக்குத் தந்திருந்த வரிச் சலுகையை நிறுத்தி வைத்தது. ஜூலை மாதம் அந்நாட்டுத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டது.

ஏட்டிலே எழுதினால் போதுமா?

2017 டிசம்பரில், ஆர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் நகரில், வணிகத்தில் பெண்களுக்குச் சம வாய்ப்பு வேண்டுமென்ற அறிக்கையை உலக வர்த்தக அமைப்பின் 118 உறுப்பினர்களும் பார்வையாளர்களும் ஏற்றனர். இந்தியா அதில் சேரவில்லை. பெண்ணுரிமை வேண்டாம் என்பதன்று காரணம். அதைச் சாக்காகக் கொண்டு செல்வ நாடுகள் ஏழை நாட்டுப் பொருள்களைத் தடுத்துவிடுமோ என்ற ஐயம். அந்த ஐயத்தைத் தவறென்று தள்ளிவிட முடியாது. பின்னர், 2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட வணிக ஒப்பந்தத்தில் ஆண் பெண் சமத்துவம் பற்றித் தனி அதிகாரமே இடம்பெற்றது.

கனடாவும் சிலியும் 2017இலேயே இத்தகைய அதிகாரத்தைத் தம் ஒப்பந்தத்தில் சேர்த்தன. ஆனால் அதை மீறினால் ஒப்பந்தத்தின் தீர்ப்பாயத்தில் வழக்காட முடியாது. மதிப்பெண் இல்லாத பாடத்தை நாம் எவ்வளவு ஊன்றிப் படிப்போம் என்பது நமக்குத் தெரியாததா?

திண்டுக்கல் காட்டிய வழி

கட்டுப்படுத்தும் விதி என்ன செய்யும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. 2021 ஜனவரியில் திண்டுக்கல் வட்டாரத்து ஆடை ஆலை ஒன்றில் பணிபுரிந்த இளம்பெண் கொல்லப்பட்டாள். அதன்பின் பெண்கள் தலைமையில் இயங்கும் தொழிற்சங்கம் ஒன்று போராடி, 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகத்துடனும் வெளிநாட்டு நிறுவனங்களுடனும் ஒப்பந்தம் கண்டது. தொழிலாளருள் 25 பேருக்கு ஒருவர் கண்காணிப்பாளராகப் பயிற்சி பெற்றுத் தொல்லைகளைத் தெரிவிக்கலாம். ஆலை ஒப்பந்தத்தை மீறினால் நிறுவனங்கள் வாங்குவதைக் குறைக்க வேண்டும். அவ்வாண்டு ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை அவ்வாலைத் துணிகளுக்குத் தடை விதித்தது. ஒப்பந்தம் நடைமுறையில் இருப்பது எடுத்துக்காட்டப்பட்டபின் செப்டம்பரில் தடை நீங்கியது. பெண்களின் பாதுகாப்பைப் பார்த்துத் துறைமுகக் கதவு திறந்தது.

எங்கள் தோழி ஒருத்தியின் அக்கா ஒரு பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் வந்தபோது அவரிடம் இதையெல்லாம் சொன்னோம். “நான் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகுதான் அப்பா எதையும் என்னைக் கேட்டுச் செய்கிறார். ஆனால் கம்பெனியில் சூப்பர்வைசர் திட்டினால் யாரிடம் சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியாது” என்றார். நாங்கள் இவ்வளவு பக்கம் எழுதியதை அக்கா இரண்டு வரியில் சொல்லிவிட்டார்!

முடிவுரை

வணிகம் பெண்ணுக்கு வாயிலைத் திறக்கும். ஆனால் உள்ளே சென்றவள் அச்சமின்றி அமரவும், ‘இது தவறு’ என்று சொல்லவும் உரிமை தருவது, மீறினால் கேட்பார் உள்ள விதியே. அவ்விதியை எழுதும் மேசையில் பெண்களும் அமர வேண்டும். 2021 மார்ச்சில் நைஜீரியாவின் என்கோசி ஒகோஞ்சோ இவேலா உலக வர்த்தக அமைப்பின் முதல் பெண் தலைமை இயக்குநரானது நல்ல தொடக்கம்.

அன்புத் தோழியரே! பொதுத்தேர்வு முடிந்ததும் நம்முள் சிலர் மேலே படிப்போம். சிலர் தையல் இயந்திரத்தின் முன் அமர்வோம். எங்கே அமர்ந்தாலும் நம் உரிமை எதுவென்று அறிந்து அமர்வோம். பெற்றோர்களே! மகளின் சம்பளத்தைக் கேட்கும் முன், “வேலை செய்யுமிடத்தில் நன்றாக இருக்கிறாயா?” என்று கேளுங்கள். புதுச்சட்டை வாங்கும் நாளில் கழுத்துப் பட்டியிலுள்ள அந்தச் சிறு துணியை நாம் ஒருமுறை திருப்பிப் பார்ப்போம். அங்கே ஊர்ப்பெயர் மட்டுமே இருக்கும்; தைத்தவளை நாம்தான் நினைக்க வேண்டும்.

– பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி