குத்தகை நிலம்: சொந்தக்காரரும் சாகுபடிக்காரரும் அறிய வேண்டியவை

1792-ஆம் ஆண்டில் பாராமகால் பிரதேசம் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனியார் வசமாயிற்று. அதன்பின் அலெக்ஸாண்டர் ரீடும் அவருடைய உதவியாளராயிருந்த தாமஸ் மன்றோவும் இன்றைய தர்மபுரி ஜில்லாப் பகுதியில் நிலங்களை அளந்து, குடிகளிடமே நேராகத் தீர்வை வாங்கும் முறையைத் தொடங்கினர். அதுவே பிற்காலத்தில் ரயத்துவாரி எனப் பெயர் பெற்றது. அம்முறையில், சர்க்காருக்குத் தீர்வை செலுத்துபவர் இன்னார் என்பதைப் பட்டா காட்டும். உழுபவர் வேறொருவராயின் அவர் பெயர் அதில் இராது. குத்தகைதாரரின் இடர்ப்பாடுகள் பலவற்றிற்கும் மூலம் இதுவேயாம்.

இக்குறையை நீக்க மூன்று சட்டங்கள் ஏற்பட்டன. 1955-ஆம் ஆண்டுச் சட்டம் குத்தகைதாரருக்குப் பாதுகாப்பளிப்பது. 1956-ஆம் ஆண்டுச் சட்டம் நியாயக் குத்தகையை வரையறுப்பது. 1969-ஆம் ஆண்டுச் சட்டம் குத்தகை உரிமையைப் பதிவு செய்வது.

குத்தகைதாரர் யார்? பிறர் நிலத்தைக் குத்தகை ஏற்பாட்டின்படி தம் உடலுழைப்பாலேனும், தம் குடும்பத்தார் உழைப்பாலேனும் பயிரிடுபவர். ஏற்பாடு வாய்மொழியாக இருப்பினும் உரிமை உண்டு. ஆனால் அதை மெய்ப்பிப்பதே கடினம்.

குத்தகை எவ்வளவு? 1956-இல் நன்செய்க்கு நூற்றுக்கு 40 பங்கு வரை இருந்தது. பின்னர் செய்யப்பட்ட திருத்தத்தால் சாதாரண மொத்த விளைவில் நூற்றுக்கு 25 பங்காயிற்று. ஒரு நிலத்தில் சாதாரணமாக 12 மூட்டை கேழ்வரகு விளையுமாயின், சொந்தக்காரருக்கு 3 மூட்டையும் பயிரிட்டவருக்கு 9 மூட்டையும் சேரும்.

குத்தகைதாரரின் கடமைகள் நான்கு. குத்தகையைத் தவணை தவறாமல் செலுத்துதல். நிலத்திற்கும் பயிருக்கும் கேடு செய்யாதிருத்தல். நிலத்தை விவசாயமல்லாத வேறு காரியத்திற்குப் பயன்படுத்தாதிருத்தல். சொந்தக்காரரின் உரிமையை வேண்டுமென்றே மறுக்காதிருத்தல். இவற்றுள் ஒன்றில் தவறினாலும் வெளியேற்றும்படி கேட்கச் சொந்தக்காரருக்கு உரிமையுண்டு. சுயசாகுபடிக்காக நிலத்தை மீட்பதற்கும் நிபந்தனைகளுடன் கூடிய தனி விதி இருக்கிறது. ஆயினும் அவர் தாமே ஏரை மறித்தலும் வேலியடைத்தலும் கூடா. வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுச் செய்தல் வேண்டும். பாக்கிக்காக மனுச் செய்யப்பட்டால், இருவர் நிலைமையையும் கருதி, பாக்கியைக் கட்ட அவர் அவகாசம் அளிக்கலாம். முறையின்றி வெளியேற்றப்பட்டவர் நிலத்தைத் திரும்பப் பெற, இரண்டு மாதத்திற்குள் அவரிடமே மனுச் செய்துகொள்ளலாம். இந்த ஜில்லாவில் தர்மபுரி, அரூர் ஆகிய இரண்டு இடங்களில் கோட்டாட்சியர்கள் உள்ளனர்.

சொந்தக்காரர் குத்தகையை வாங்க மறுத்தால் என் செய்வது? "அவர் வாங்கவில்லை" என்று சும்மா இருந்துவிட்டால் அது பாக்கியாகிவிடும். சட்டப்படி அத்தொகையை டெபாசிட் செய்து ரசீது பெற்றுக்கொள்ள வேண்டும்.

இனி, பதிவு. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நிலத்தின் சர்வே எண், விஸ்தீரணம், சொந்தக்காரர் பெயர், குத்தகைதாரர் பெயர் ஆகியவை பதிவேட்டில் ஏறுகின்றன. பெயர் விடுபட்டவர் தாலுகா அலுவலகத்தில் விசாரித்துப் பதிவு அதிகாரிக்கு மனுச் செய்யலாம். "பதிந்தால் நிலம் போய்விடும்" என்று சொந்தக்காரர் சிலர் அஞ்சி, ஆண்டுதோறும் ஆளை மாற்றுகின்றனர். பதிவினால் பட்டா மாறுவதில்லை, நிலமும் கைமாறுவதில்லை. ஆள் மாறிக்கொண்டேயிருந்தால் ஒருவரும் எருவிடார்; வரப்பும் திருத்தார். மேட்டு நிலம் மிகுந்த இந்த ஜில்லாவில் அதன் நஷ்டம் சொந்தக்காரரையே சாரும்.

கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கும் இதில் அக்கறை உண்டு. பயிர்க்கடனுக்குச் சிட்டாவும் அடங்கலும் கேட்கப்படுகின்றன. அத்தாட்சியில்லாத குத்தகைதாரர் சங்கத்துக் கடன் கிட்டாமல் வெளியே அதிக வட்டிக்குக் கடன் வாங்குகிறார். விளைவில் அவருடைய முக்கால் பங்கும் வட்டிக்கே போய்விடின், சட்டம் அளித்த பயன் யாது?

ஆகையால் ஒவ்வொரு குத்தகைக்கும் எழுத்து மூலமான உடன்படிக்கை இரு பிரதிகளாக இருத்தல் வேண்டும். இருவரும் ஒவ்வொரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு மூட்டை அளந்தாலும் அதற்கு ரசீது வாங்க வேண்டும், கொடுக்கவும் வேண்டும்.