பெயர் மாறிய உரோசா

செந்நிற மலரை விரும்பி ஒட்டுச்செடி ஒன்றை யாம் நட்டு வளர்த்தோம். மூன்றாம் ஆண்டில் அஃது இளஞ்சிவப்பாய்ப் பூத்தது. மண்ணின் குணம் என்றனர் அயலார். உண்மை அதுவன்று. ஒட்டிய அரும்பிலிருந்து வளர்ந்த பகுதி பட்டுப்போக, கீழிருந்த ஒட்டுக்கட்டை தளிர்த்துத் தன் மலரையே மலர்த்தியிருந்தது. களையெனப் பிடுங்கக் கைநீட்டிய யாம் அதன் நறுமணத்தால் தடைப்பட்டோம்.

தென்னிந்தியாவில் ஒட்டுக்கட்டையாகப் பயன்படுவனவற்றுள் ஒன்று எட்வர்ட் உரோசா. இதன் பிறப்பிடம் இந்து சமுத்திரத்திலுள்ள ரீயூனியன் தீவு. முன்னாளில் பூர்போன் எனப்பட்டது. அங்கே வேலிகளில் சீன உரோசாவும் தமஸ்கு உரோசாவும் அருகருகே வளர்ந்தன. அவ்விரண்டும் தாமே கலந்து ஈன்ற நாற்றைத் தீவினர் எடுவார் உரோசா என்றனர். பிரெயோன் என்னும் தாவரவியலாளர் 1819 அளவில் அனுப்பிய விதைகளை, பிரான்சில் ஓர்லியன் கோமகனின் தோட்டக்காரரான ஜாக் வளர்த்தெடுத்தார். பூர்போன் உரோசா என்னும் பெருங்குலம் இவ்வாறு ஐரோப்பாவிற் பரவிற்று. எடுவார் நம் பக்கத்தில் எட்வர்ட் ஆயினார்!

இனங்காண விழைவோர் மலரை இறுதியிற் பார்க்க. தமஸ்கு உரோசாவின் தண்டில் சிறிதும் பெரிதுமாக முட்கள் நெருங்கியிருக்கும். இலை மென்மையானது, பளபளப்பற்றது. சீன உரோசாவில் முட்கள் அரியன. இலை வழுவழுப்பானது, நுனி கூரியது. எட்வர்ட் இவற்றிற்கு இடைப்பட்டது. மணத்தைத் தமஸ்கிடமிருந்தும், திரும்பத் திரும்பப் பூக்கும் இயல்பைப் பெரிதும் சீனத்திடமிருந்தும் பெற்றது. சிற்றிலை ஏழாயின் ஒட்டுக்கட்டை, ஐந்தாயின் நல்ல செடி என்பாருமுளர். அதனை நம்பிக் கத்தியெடுத்தல் தவறு. ஏழு சிற்றிலையுடைய நல்லினங்கள் பலவுள. புதுத்தண்டு ஒட்டின் கீழிருந்து எழுகின்றதா என மண்ணை விலக்கிப் பார்த்தலே தக்கது.

பழைய இனத்தைப் பேண ஒட்டு வேண்டுவதில்லை. பூத்து முடிந்த, எழுதுகோற் பருமனுள்ள தண்டில் ஆறு அங்குலத் துண்டம் வெட்டி, கீழிலைகளை நீக்கி, மணல் கலந்த மண்ணிற் பாதியளவு புதைத்து நிழலில் வைக்கலாம். சொந்த வேரில் நிற்கும் செடி தரையோடு பட்டாலும், வேரிலிருந்து தளிர்ப்பது அதே இனமாகும். கரும்புள்ளி நோய்க்கு அஞ்சுவோர் இலையை நனையாது அடியில் நீரூற்றுக.

யாம் நட்ட ஆறு துண்டங்களுள் நான்கு வேரூன்றின. இரண்டைக் கல்லூரித் தோட்டத்திற்கென, பெயர் எழுதிய தகட்டுடன் ஒதுக்கியுள்ளோம்.