பொம்மை யாருடையது என்று கேளுங்கள்

வெளிநாட்டுப் பங்குகளைக் கைப்பேசியிலேயே வாங்க முடிகிற காலம் இது. வீட்டுக் குழந்தை எந்தக் கார்ட்டூனை விட்டு நகர மறுக்கிறதோ, அதன் கம்பெனிப் பங்கு கிடைக்குமா என்று தேடும் இளைஞர்கள் பலர் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். தேடுவது நல்ல பழக்கம்தான். ஆனால் கதாபாத்திரத்தைத் தெரிந்துகொண்டவர்கள் கம்பெனியையும் தெரிந்துகொண்டதாக எண்ணிவிடுகிறார்கள். குழந்தைகளின் கதாபாத்திரங்களை லைசென்சுக்கு விட்டு நடக்கும் கம்பெனிகளை நெடுங்காலமாகக் கவனித்து வருகிறேன். அதிலிருந்து சில சொல்கிறேன்.

1. முதல் கேள்வி: பொம்மை யாருடையது?

இந்தத் தொழிலில் இரண்டு வகைக் கம்பெனிகள் உண்டு. ஒன்று கதாபாத்திரத்தைச் சொந்தமாக வைத்திருப்பது. மற்றொன்று, வேறொருவருக்குச் சொந்தமான கதாபாத்திரத்துக்கு ஆள் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்கும் முகவர். சந்தை சூடாக இருக்கும்போது இரண்டும் ஒரே மாதிரி லாபம் காட்டும். குத்தகைக்கு எடுத்த தோப்பிலும் காய்ப்பு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மரம் வேறொருவருடையது.

அமெரிக்காவின் 4கிட்ஸ் எண்டர்டெயின்மென்ட் கதையை நீங்கள் அவசியம் படிக்க வேண்டும். 1970-இல் லெஷர் கான்செப்ட்ஸ் என்ற பெயரில் தொடங்கிய சிறு கம்பெனி அது. ஜப்பானின் போக்கிமான் கதாபாத்திரங்களுக்கு ஆசியாவுக்கு வெளியே லைசென்ஸ் முகவராக இருக்கும் வாய்ப்பு அதற்குக் கிடைத்தது. 1998 செப்டம்பரில் போக்கிமான் கார்ட்டூன் தொடர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்தது. 1999-இல் பள்ளிக்கூடம்தோறும் போக்கிமான் அட்டை; பங்கு விலை பல மடங்கு ஏறியது. பிள்ளைகளின் பையில் அட்டைகளைப் பார்த்த பெற்றோர் பலர் பங்கை வாங்கினார்கள். மோகம் தணிந்ததும் ஏறியதில் பெரும்பகுதி இறங்கிவிட்டது.

அதைவிடப் பெரிய அடி பிறகு வந்தது. 2005 டிசம்பரில், போக்கிமான் உரிமையாளர்கள் அந்த ஆண்டோடு ஒப்பந்தம் முடிகிறது, இனி வேலையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று முடிவு செய்தார்கள். 4கிட்ஸ் கம்பெனி அந்தக் கதாபாத்திரத்தை உலகறியச் செய்ததில் பெரும் பங்கு வகித்தது. ஆனால் கதாபாத்திரத்தின் பட்டா அதனிடம் இல்லை. 2016 ஜூலையில் போக்கிமான் கோ விளையாட்டு உலகமெங்கும் தெருவில் ஆட்களை நடக்க வைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில், 4லைசென்சிங் என்று பெயர் மாறியிருந்த அந்தப் பழைய முகவர் கம்பெனி இரண்டாவது முறையாகத் திவால் மனு கொடுத்தது.

எதிர்ப்பக்கம் ஜப்பானின் சான்ரியோ. 1974-இல் அங்கே வேலை பார்த்த யூகோ ஷிமிசு வரைந்த பூனை உருவமான ஹலோ கிட்டி அந்தக் கம்பெனியின் சொந்தச் சொத்து. அதை யாரும் வந்து திரும்பக் கேட்க முடியாது. சான்ரியோவும் கஷ்டப்பட்டதுண்டு, 1990 வாக்கில் பங்குச் சந்தைச் சூதாட்டத்தில் பெரும் பணத்தை இழந்தது, 2021 மார்ச்சில் முடிந்த ஆண்டில் நட்டம் காட்டியது. ஆனாலும் பூனை அதனிடமே இருந்தது. 2020-இல் நிறுவனரின் பேரன் பொறுப்பேற்று, கிட்டியை மட்டும் நம்பாமல் சின்னமரோல், குரோமி போன்ற மற்றவற்றையும் முன்னே கொண்டு வந்தார். 2024 மார்ச்சில் முடிந்த ஆண்டின் லாபம் அதன் வரலாற்றில் அதுவரை இல்லாத உயரம். சொந்தமாக வைத்திருப்பவனுக்கு மீண்டு வர நேரம் கிடைக்கிறது. முகவருக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை.

2. சொந்தம் என்றால் எத்தனை சதவீதம் என்று அடுத்து கேளுங்கள்.

பெப்பா பிக் என்ற பன்றிக்குட்டிக் கார்ட்டூன் 2004-இல் பிரிட்டனில் ஒளிபரப்பானது. அதை உலகமெங்கும் விற்ற எண்டர்டெயின்மென்ட் ஒன் கம்பெனிக்கு, அதன் உரிமையில் முதலில் பாதிப் பங்குதான் இருந்தது. 2015-இல் 14 கோடி பவுண்டு கொடுத்து, அதைப் படைத்த ஸ்டுடியோவின் 70 சதவீதத்தை வாங்கி, உரிமையில் தன் பங்கை 85 சதவீதமாக உயர்த்திக்கொண்டது. பன்றிக்குட்டி ஈட்டும் பணத்தில் பங்குதாரருக்கு எவ்வளவு சேரும், படைத்தவர்களுக்கு எவ்வளவு போகும் என்பது இந்தச் சதவீதத்தில்தான் இருக்கிறது. உலகம் முழுதும் ஓடும் கதாபாத்திரம் என்று விளம்பரத்தில் படித்தவர் ஆயிரம் பேர். இந்தச் சதவீதத்தை ஆண்டறிக்கையில் தேடியவர் வெகு சிலர்.

3. ஒப்பந்தம் முடியும் தேதியை எழுதி வையுங்கள்.

அமெரிக்கக் கம்பெனிகளின் ஆண்டறிக்கையில், மொத்த வருமானத்தில் 10 சதவீதத்துக்கு மேல் தரும் வாடிக்கையாளர்களைப் பற்றிய குறிப்பு இருக்கும். லைசென்ஸ் கம்பெனிகள் தம் முக்கியக் கதாபாத்திரங்களைப் பற்றியும் அங்கேயே சொல்லும். ஆபத்துக் காரணிகள் என்ற பகுதியில் ஒப்பந்தம் எப்போது முடிகிறது, யார் ரத்து செய்யலாம் என்பது வரும். பலர் இந்தப் பகுதியை வக்கீல் மொழி என்று தாண்டிப் போகிறார்கள். லைசென்ஸ் கம்பெனியில் முதலில் படிக்க வேண்டியதே அதுதான்.

4. ராயல்டி எப்படி வருகிறது என்று புரிந்துகொள்ளாமல் காலாண்டு முடிவைப் பார்த்து மகிழாதீர்கள்.

பொம்மை செய்பவரோ பள்ளிப்பை தைப்பவரோ, தாம் கடைகளுக்கு விற்கும் மொத்த விலையில் ஒரு சதவீதத்தை ராயல்டியாகத் தருகிறார். கையெழுத்துப் போடும்போதே குறைந்தபட்சம் இவ்வளவு தருவேன் என்று உத்தரவாதமும் கொடுக்கிறார். சரக்கு விற்காவிட்டாலும் அந்தத் தொகை திரும்பாது. ஆகவே மோகம் உச்சியில் இருக்கும் ஆண்டில் எல்லாரும் பெரிய உத்தரவாதம் கொடுத்துக் கையெழுத்திடுகிறார்கள். லைசென்ஸ் கம்பெனியின் கணக்கு அழகாக இருக்கும். அதே நேரத்தில் கடைகள் தேவைக்கு மேல் சரக்கை வாங்கி அடுக்கியிருக்கும். பிறகு தள்ளுபடி விலையில் தள்ளுவார்கள், அடுத்த ஆர்டர் போடமாட்டார்கள். ராயல்டி குறைவது கணக்கில் தெரிய ஒன்றிரண்டு காலாண்டு பிடிக்கும். உத்தரவாதம் குறைவது ஒப்பந்தம் புதுப்பிக்கும்போதுதான் தெரியும்.

அதனால் கடைக்குப் போய்ப் பாருங்கள் என்பேன். பொம்மை அலமாரியில் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், எந்த விலையில் இருக்கிறது, தள்ளுபடிக் கூடையில் கிடக்கிறதா என்றும் பாருங்கள். வரவேண்டிய பாக்கி வருமானத்தைவிட வேகமாக ஏறுகிறதா என்பதையும் காலாண்டறிக்கையில் கவனியுங்கள்.

5. மாறாத செலவை ஏற்றுக்கொள்ளும் கம்பெனியைச் சந்தேகப்படுங்கள்.

லைசென்ஸ் தொழிலின் சிறப்பே முதல் அதிகம் தேவைப்படாதது. தொழிற்சாலை இல்லை, கிடங்கு இல்லை. 4கிட்ஸ் அந்தச் சிறப்பைத் தானே விட்டுக்கொடுத்தது. 2002-இல் ஃபாக்ஸ் தொலைக்காட்சியிடமிருந்து சனிக்கிழமைக் காலை 4 மணி நேர ஒளிபரப்பை ஆண்டுக்கு ஏறத்தாழ 2.5 கோடி டாலருக்கு எடுத்துக்கொண்டது. தன் கதாபாத்திரங்களைக் காட்டத் தனக்கே ஒரு திரை வேண்டும் என்பது அதன் எண்ணம். பிள்ளைகளோ நாள் முழுதும் கார்ட்டூன் காட்டும் கேபிள் சேனல்களுக்குப் போய்விட்டார்கள். விளம்பர வருமானம் குறைந்தது, வாடகை குறையவில்லை. 2008 டிசம்பரில் அந்த ஏற்பாடு சண்டையோடு முடிந்தது.

6. கையில் ரொக்கம் இருக்கிறதே என்று சமாதானம் சொல்லாதீர்கள்.

சிறு முதலீட்டாளர்களை அதிகம் ஏமாற்றிய வாதம் இது என்பது என் கருத்து. பல ஆண்டுகள் 4கிட்ஸ் கம்பெனிக்குக் கடன் இல்லை, ரொக்கம் நிறைய. பங்கு விலையில் பெரும்பகுதி ரொக்கமாகவே இருக்கிறது, இதற்குக் கீழே எங்கே போகும் என்று சொல்லி ஒவ்வொரு இறக்கத்திலும் வாங்கி ஆவரேஜ் செய்தார்கள். அந்த ரொக்கம் ஒவ்வொரு காலாண்டும் நட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஏலமுறைக் கடன்பத்திரங்களில் போட்டு வைத்திருந்த பணமும் 2008-இல் அந்தச் சந்தை உறைந்தபோது மாட்டிக்கொண்டது. 2010 ஜூனில் நியூயார்க் பங்குச் சந்தைப் பட்டியலிலிருந்து பங்கு வெளியேறியது.

ரொக்கத்தை ஒரு தேதியில் பார்ப்பதால் பயனில்லை. அடுத்தடுத்த நான்கு காலாண்டு எண்களை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். குறைந்துகொண்டே வந்தால், இந்த வேகத்தில் எத்தனை ஆண்டு தாங்கும் என்று வகுத்துப் பாருங்கள். எட்டாம் வகுப்புக் கணக்குதான். செய்யாதவர்கள் பணத்தை இழந்தார்கள்.

7. வழக்கில் வெல்வதை நம்பிப் பங்கை வைத்திருக்காதீர்கள்.

போக்கிமான் போன பிறகு 4கிட்ஸ் கம்பெனியைத் தாங்கிப் பிடித்தது யூ-கி-ஓ என்ற தொடர். 2011 மார்ச்சில் அதன் ஜப்பானிய உரிமையாளர்கள், 4கிட்ஸ் கம்பெனி ஏறத்தாழ 50 லட்சம் டாலரைக் கணக்கில் குறைத்துக் கொடுத்துவிட்டதாகச் சொல்லி ஒப்பந்தத்தை ரத்து செய்து வழக்குப் போட்டார்கள். அடுத்த மாதமே கம்பெனி திவால் பாதுகாப்புக் கேட்டது. டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றம், ரத்து செய்தது செல்லாது என்று கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வந்தபோது தொழில் கரைந்து போயிருந்தது; 2012-இல் யூ-கி-ஓ உள்ளிட்ட சொத்துகள் 1.5 கோடி டாலருக்குக் கைமாறின. நியாயம் உங்கள் பக்கம் இருக்கலாம். நீதிமன்றத்தின் காலண்டர் உங்கள் பக்கம் இருக்காது.

8. கடன் வாங்கிக் கதாபாத்திரங்களைச் சேர்க்கும் கம்பெனி.

சொந்தமாக வைத்திருந்தால் போதுமா? போதாது. பிரிட்டனில் எண்டர்டெயின்மென்ட் ரைட்ஸ் என்ற கம்பெனியிடம் போஸ்ட்மேன் பேட் போன்ற, தலைமுறைகள் அறிந்த பாத்திரங்கள் இருந்தன. 2007 தொடக்கத்தில் கிளாசிக் மீடியா என்ற அமெரிக்கக் கம்பெனியை 10 கோடி பவுண்டுக்கு மேல் விலையில் வாங்கியது. கடன் சுமை ஏறிய நேரத்தில் உலகப் பொருளாதாரம் சரிந்தது. 2009 ஏப்ரலில் கம்பெனி திவால் நிர்வாகிகள் கைக்குப் போனது. பங்குதாரர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. போஸ்ட்மேன் பேட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, அடுத்த உரிமையாளரிடம் தொடர்ந்து ஓடினார்.

9. வதந்தியில் ஏறும் சிறு பங்கைத் தொடாதீர்கள்.

2020 மே மாதம் ஒரு டாலருக்கும் கீழே கிடந்த ஜீனியஸ் பிராண்ட்ஸ் என்ற அமெரிக்கக் கார்ட்டூன் கம்பெனியின் பங்கு, ஜூன் தொடக்கத்தில் 11 டாலரைத் தாண்டியது. குழந்தைகளுக்கான புதுச் சேனல், பெரிய கம்பெனியோடு கூட்டு வரும் என்ற பேச்சு. கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து வணிகம் கற்றுக்கொண்ட லட்சக்கணக்கானோர் ஓடி வந்தார்கள். விலை ஏறும்போதே கம்பெனி புதுப் பங்குகளை அச்சிட்டு விற்றது. விலை வந்த வேகத்தில் இறங்கியது. 2023 பிப்ரவரியில் 10 பங்கை ஒன்றாக்கினார்கள். அதே ஆண்டு பெயரையும் கார்ட்டூன் ஸ்டுடியோஸ் என்று மாற்றிக்கொண்டார்கள்.

இதில் புதியவர்கள் கற்க வேண்டியது பங்கு எண்ணிக்கையைப் பார்ப்பது. சென்ற ஆண்டு எத்தனை பங்கு, இந்த ஆண்டு எத்தனை? இரட்டிப்பாகியிருந்தால் கம்பெனியில் உங்கள் பங்கு பாதியாகிவிட்டது, நீங்கள் ஒன்றும் விற்காமலே. பங்குகளை ஒன்றாக்கியதால் விலை பெரிதாகத் தெரிந்தால் அதை ஏற்றம் என்று எண்ணாதீர்கள்.

10. யாராவது வாங்கிவிடுவார்கள் என்பது ஒரு திட்டமாகாது.

எண்டர்டெயின்மென்ட் ஒன் கம்பெனிக்கு 2016-இல் பிரிட்டன் தொலைக்காட்சிக் கம்பெனி ஐடிவி, பங்குக்கு 236 பென்ஸ் கொடுக்க முன்வந்தது, மறுத்துவிட்டார்கள். 2019-இல் பொம்மைக் கம்பெனி ஹாஸ்ப்ரோ 560 பென்ஸ் கொடுத்தது. பொறுத்திருந்தவர்களுக்கு நல்ல லாபம். ஆனால் அது நடந்தது பெப்பா உண்மையாகவே சம்பாதித்துக்கொண்டிருந்ததால். ஹாஸ்ப்ரோ 2023-இல் அந்தக் கம்பெனியின் சினிமா, தொலைக்காட்சிப் பிரிவை லயன்ஸ்கேட் கம்பெனிக்கு விற்றுவிட்டு, பெப்பாவைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. சம்பாதிக்காத கம்பெனியை யாரோ வந்து வாங்குவார் என்று காத்திருப்பவர்கள், காத்திருப்பதை மட்டுமே செய்கிறார்கள்.

11. நம் ஊரிலிருந்து வாங்குபவர்களுக்கு.

ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஓர் ஆண்டில் 2.5 லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். அமெரிக்கப் பங்கின் டிவிடெண்டில் 25 சதவீதம் அங்கேயே பிடிப்பார்கள். அதை இங்கே வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள வழி உண்டு. ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும் வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும். சின்னத் தொகைதானே என்று விடாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒரு பங்கின் மேல் மனம் நின்றால், மொத்தச் சேமிப்பில் சிறு பகுதியை மட்டும் போடுங்கள். அதற்கு முன் அந்தக் கம்பெனியின் கடைசி ஆண்டறிக்கையை இறக்கி, கதாபாத்திர உரிமை, ஒப்பந்தக் காலம், பங்கு எண்ணிக்கை ஆகிய மூன்றும் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். புரியாத வரியை எழுதி எடுத்து வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.